முதியோர் இல்லத்தில் வலியைக் கண்டுபிடிப்பதும் குறைப்பதும்: பராமரிப்பாளர்களுக்கும் குடும்பத்தினருக்கும் முழுமையான வழிகாட்டி

காலை ஆறரை மணிக்கு ஏதாவது ஒரு முதியோர் இல்லத்துக்குப் போய் நின்று பாருங்கள். குளிப்பாட்டும் நேரம் அது. ஓர் அறையிலிருந்து "ஐயோ, விடுடி என்னை" என்று சத்தம் வரும். இன்னோர் அறையில் ஒரு தாத்தா ஆயாவின் கையைத் தட்டிவிடுவார். கேட்டால், "அவர் தினமும் அடம்தான்" என்பார்கள்.

நான் வேலை பார்த்த ஓர் இல்லத்தில் அப்படி அடம் என்று பெயர் வாங்கிய ஒரு பாட்டி இருந்தார். பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் பாதிக்கு மேல் போய்விட்டது. இரவெல்லாம் கத்துகிறார் என்று தூக்க மாத்திரை எழுதி வாங்கிக் கொடுத்தோம். பகலில் மயங்கிக் கிடந்தார், சாப்பாடு குறைந்தது. ஒருநாள் பிசியோதெரபிஸ்ட் தோளைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. கட்டிலிலிருந்து தூக்கும்போதெல்லாம் செயலிழந்த அந்த இடது கையைப் பிடித்துத்தான் இழுத்திருக்கிறோம். தோள் மூட்டு கீழே இறங்கியிருந்தது. தூக்கும் முறையை மாற்றினோம், கைக்கு அடியில் தலையணை வைத்தோம், குளிப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பாக டாக்டரிடம் கேட்டுப் பாராசிட்டமால் கொடுத்தோம். இரண்டு வாரத்தில் சத்தம் அடங்கியது. தூக்க மாத்திரையும் நின்றது. ஆனால் அதற்குள் மூன்று மாதம் அவர் அந்த வலியோடு கிடந்திருந்தார்.

இது எங்கள் இல்லத்தில் மட்டும் நடந்த தவறில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். நார்வேயில் பெட்டினா ஹுசெபோவும் அவருடைய குழுவினரும் 18 இல்லங்களில், மறதி நோய் முற்றி, கத்துவதும் தள்ளிவிடுவதுமாக இருந்த 352 பேரை ஆராய்ந்து 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு 8 வாரம் வலிக்கான மருந்தை முறைப்படி, படிப்படியாகக் கொடுத்தார்கள். பெரும்பாலானவர்களுக்குக் கொடுத்தது வெறும் பாராசிட்டமால்தான். வழக்கமான பராமரிப்பில் இருந்தவர்களோடு ஒப்பிட்டால், மருந்து பெற்றவர்களின் கொந்தளிப்பு சராசரியாக 17 சதவீதம் குறைந்தது. மருந்தை நிறுத்தியதும் மறுபடி ஏறியது. அந்தக் கொந்தளிப்பில் ஒரு பகுதி வலியாகவே இருந்திருக்கிறது.

வயதானவர் தானாக வந்து வலியைச் சொல்வார் என்று காத்திருக்கக் கூடாது. நாம்தான் தேடிப் போக வேண்டும். எப்படி என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். மருந்து, அளவு எல்லாம் டாக்டர் முடிவு செய்ய வேண்டியவை. அந்த முடிவுக்குத் தேவையான தகவல் ஆயாவிடமும் நர்ஸிடமும்தான் இருக்கிறது.

படி 1: சேர்க்கும் அன்றே கேட்டு எழுதுங்கள்

சேர்க்கும்போது சுகர் இருக்கிறதா, பிபி இருக்கிறதா என்று கேட்கிறோம். வலியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. குடும்பத்தினரிடம் இவற்றைக் கேளுங்கள்: பழைய எலும்பு முறிவு எங்கே? எந்த ஆபரேஷன்? எப்போதாவது அக்கி வந்ததா? வீட்டில் வலி வந்தால் இவர் என்ன செய்வார்? சிலர் முனகுவார்கள், சிலர் பேசாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள், சிலர் சாப்பாட்டை ஒதுக்குவார்கள். பிறகு பேச்சு போய்விட்டாலும் அந்தப் பழக்கம் பெரும்பாலும் மாறாது. "எங்கப்பாவுக்கு வலி வந்தா நெத்தியைத் தேய்ப்பார்" என்று மகள் சொல்லும் ஒரு வரி, பல பரிசோதனைகளை விட உதவும்.

ஒரு வெள்ளைத்தாளில் மனித உருவத்தை முன்பக்கம், பின்பக்கம் என வரைந்து, வலிக்கும் இடங்களில் குறி போட்டு கேஸ் ஷீட்டோடு வையுங்கள். புதிதாக வேலைக்கு வரும் ஆயாவும் ஒரு நொடியில் புரிந்துகொள்வார்.

படி 2: "வலிக்குதா?" என்று மட்டும் கேட்காதீர்கள்

அப்படிக் கேட்டால் பாதிப்பேர் "ஒண்ணுமில்லப்பா" என்பார்கள். பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்களோ, வயதானால் இப்படித்தான் இருக்கும் என்று பல எண்ணங்கள் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கும். வேறு மாதிரி கேளுங்கள். "ராத்திரி புரண்டு படுக்க முடியுதாம்மா?", "பாத்ரூம் போய் உட்கார்ந்து எழுந்திருக்கும்போது எங்கே பிடிக்குது?", "எது செய்ய முடியாம இருக்கு?" இப்படிக் கேட்டால் பதில் வரும்.

வருகிற பதிலை அதே வார்த்தையில் எழுதுங்கள். தமிழில் வலிக்கு எத்தனை சொல் இருக்கிறது! அவை ஒவ்வொன்றும் டாக்டருக்கு ஒரு தடயம். எரிச்சல், மதமதப்பு, ஊசி குத்துவது போல், சுள்ளென்று ஷாக் அடிப்பது போல் என்றால் நரம்பு சார்ந்த வலியாக இருக்கலாம். சுகர்காரர்களின் பாதத்திலும் அக்கி வந்து போன இடத்திலும் இதைக் கேட்கலாம். காலையில் பிடிப்பு, நடந்தால் கடுப்பு என்றால் மூட்டைப் பார்க்க வேண்டும். விண் விண்ணென்று தெறிக்கிறது என்றால் சீழ் கட்டியிருக்கிறதா, பல்லில் ஏதாவதா என்று தேட வேண்டும். வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கிறது என்றால் மலச்சிக்கலில் ஆரம்பியுங்கள். இத்தனையையும் "பெயின் பிளஸ்" என்று ஒரே சொல்லாக நோட்டில் எழுதினால் தடயம் எல்லாம் அழிந்துவிடும்.

அளவைக் கேட்பதும் முக்கியம். ஆனால் "0 முதல் 10-க்குள் ஒரு நம்பர் சொல்லுங்கள்" என்றால் பல பெரியவர்கள் திகைத்துவிடுகிறார்கள். நான் பணத்தில் கேட்பேன். "முழு வலி ஒரு ரூபாய்னா, இப்ப எத்தனை அணா இருக்கு?" 1957-இல் நயா பைசா வந்துவிட்டாலும், எண்பதைத் தாண்டியவர்களுக்கு ரூபாய்க்கு 16 அணா என்ற கணக்கு இன்னும் மனதில் ஓடுகிறது. "காலையில பன்னண்டணா, இப்ப நாலணாதான்" என்று ஒருவர் சொன்னால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். கொஞ்சம் இளையவர்களிடம் பத்து ரூபாய் என்று கேளுங்கள். யாரிடம் எந்தக் கணக்கில் கேட்டீர்களோ, தினமும் அதே கணக்கில் கேளுங்கள்.

காது கேட்கும் கருவியையும் கண்ணாடியையும் மாட்டிவிட்டுக் கேளுங்கள். அவசரமாக வாசலில் நின்று கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

படி 3: சொல்ல முடியாதவரின் உடம்பைப் படியுங்கள்

உலக வலி ஆய்வுச் சங்கம் 2020-இல் வலிக்கான வரையறையைத் திருத்தியபோது அதோடு ஒரு குறிப்பையும் தந்தது. பேசிச் சொல்ல முடியவில்லை என்பதால் ஒருவருக்கு வலி இருக்க முடியாது என்று ஆகிவிடாது என்பதே அதன் சாரம். மறதி நோய் முற்றியவர்களுக்கும் பக்கவாதத்தில் பேச்சிழந்தவர்களுக்கும் இதைத்தான் நினைவில் வைக்க வேண்டும்.

இவர்களுக்காக அமெரிக்காவில் 2003-இல் வெளிவந்த பெய்னாட் என்ற அளவுகோல் எளிமையானது. காசு செலவில்லை, சில நிமிடம் பார்த்தால் போதும். ஐந்து விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

மூச்சு: சாதாரணமா, அவ்வப்போது சிரமமா, சத்தமாக இழுத்து இழுத்து வாங்குகிறாரா?
குரல்: அமைதியா, முனகலா, திரும்பத் திரும்பக் கத்தலோ அழுகையோ உண்டா?
முகம்: இயல்பா, சோகமோ பயமோ தெரிகிறதா, முகம் சுளித்து இறுகுகிறதா?
உடம்பு: தளர்வா, விறைப்பும் தவிப்புமா, கையை முறுக்கி முழங்காலை மடக்கித் தள்ளிவிடுகிறாரா?
ஆறுதல்: தேவைப்படவில்லையா, பேசியோ தடவியோ சமாதானப்படுத்த முடிகிறதா, எதற்கும் அடங்கவில்லையா?

ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண், மொத்தம் 10. இதை வைத்து ஒருவரின் வலியை இன்னொருவரின் வலியோடு ஒப்பிடாதீர்கள். அவருடைய நேற்றோடு இன்றை ஒப்பிடுங்கள். இன்னொன்று, படுத்திருக்கும்போது மட்டும் பார்த்து 0 போட்டுவிடக் கூடாது. அசையாமல் கிடக்கும்போது மூட்டு வலி தெரியாது. குளிப்பாட்டும்போது, டயப்பர் மாற்றும்போது, புரட்டிப் படுக்க வைக்கும்போது பாருங்கள். அதனால்தான் இந்த வேலைக்குச் சரியான ஆள் ஆயா என்கிறேன். ரவுண்ட்ஸ் வரும் டாக்டருக்கு அந்தக் காட்சி கிடைப்பதே இல்லை.

முகமே காட்டாமல் அமைதியாக ஒடுங்கிவிடுகிறவர்களும் உண்டு. நேற்றுவரை நடந்தவர் இன்று எழ மறுத்தால், சாப்பாட்டை ஒதுக்கினால், தூக்கம் கெட்டால், திடீரென்று குழப்பமாகப் பேசினால் வலியையும் சந்தேகப் பட்டியலில் சேருங்கள்.

படி 4: மாத்திரைக்கு முன்பு காரணத்தைத் தேடுங்கள்

தலையிலிருந்து கால் வரை ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். வாயைத் திறந்து பல் செட்டுக்கு அடியில் புண் இருக்கிறதா என்று பாருங்கள். சாப்பிட மறுக்கிற எத்தனையோ பேருக்கு அங்கேதான் பிரச்சினை. அடிவயிறு கல் மாதிரி இருந்தால் சிறுநீர் அடைத்திருக்கலாம். யூரின் ட்யூப் போட்டிருந்தால் அது மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மலம் கழித்து எத்தனை நாள் ஆயிற்று என்று நோட்டைப் பாருங்கள். குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பகுதி மூன்றிலும் படுக்கைப் புண் ஆரம்பிக்கும். சிவந்துபோய், அழுத்தினாலும் வெளுக்காமல் இருக்கும் தோல் அதன் முதல் அறிகுறி. கால் நகம் சதைக்குள் வளர்ந்திருக்கிறதா என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

ஒரு கால் மற்றதை விடக் குட்டையாகவும் வெளிப்பக்கம் திரும்பியும் இருந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். யாரும் விழவில்லை என்று எல்லோரும் சொன்னாலும் எக்ஸ்ரே எடுங்கள். இரவில் பாத்ரூமுக்குப் போகும்போது விழுந்து, பயத்தில் சொல்லாமல் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

படி 5: கை, தலையணை, ஒத்தடம்

செலவே இல்லாத வழிகள் இவை. பக்கவாதம் வந்த பக்கக் கையைப் பிடித்தோ அக்குளுக்கு அடியில் கை கொடுத்தோ ஒருபோதும் தூக்காதீர்கள். முதுகுக்குப் பின்னாலும் இடுப்பிலும் தாங்கி, இரண்டு பேராகத் தூக்குங்கள். தொடுவதற்கு முன் முகத்துக்கு நேரே வந்து, "அப்பா, இப்ப வலப்பக்கம் திருப்பப் போறேன்" என்று சொல்லுங்கள். திடீரென்று போர்வையை இழுத்தால் யாருக்கும் உடம்பு விறைக்கும். விறைத்த உடம்பு கூடுதலாக வலிக்கும்.

படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புவதுதான் நம் இல்லங்களின் வழக்கம். ஏர் பெட் வாங்கிவிட்டோம் என்று இதை விட்டுவிடக் கூடாது. முழங்கால்களுக்கு நடுவில் ஒரு சின்னத் தலையணை வையுங்கள். மூட்டு வலிக்காரர்களை முடிந்தவரை நடக்க வையுங்கள். வலிக்கிறது என்று படுக்கவே வைத்தால் தசை கரைந்து, மூட்டு இறுகி, வலி கூடும்.

ஒத்தடம் நல்லது, ஆனால் சுகரால் பாதம் மரத்துப் போனவர்களுக்கு வேண்டாம். சுடுவது அவர்களுக்குத் தெரியாது, கொப்பளித்த பிறகுதான் நமக்குத் தெரியும். மற்றவர்களுக்கும் துணி மூட்டையை முதலில் உங்கள் முன்கையின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள்.

படி 6: மருந்து

பாராசிட்டமாலில் ஆரம்பிப்பதுதான் வழக்கம். அதை "வலிச்சா கேளுங்க" என்று வைத்தால் கேட்கத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே கிடைக்கும். மறதி நோய் உள்ளவர் கேட்கவே மாட்டார். உலக சுகாதார நிறுவனம் 1986-இல் புற்றுநோய் வலிக்காகப் படிநிலை முறையை வெளியிட்டபோதே, கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள் என்பதை ஒரு கொள்கையாக வைத்தது. தொடர்ந்து இருக்கும் வலிக்கு மருந்தும் தொடர்ந்து, குறித்த நேரத்தில் போக வேண்டும். குளியல், பிசியோ, புண்ணுக்கு டிரெஸ்ஸிங் ஆகியவற்றுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பாக ஒரு வேளை மருந்து விழும்படி டாக்டரிடம் அட்டவணை கேளுங்கள்.

உடல் தளர்ந்த முதியவருக்குப் பாராசிட்டமாலை நாளொன்றுக்கு 3 கிராமுக்குள் (3,000 மில்லிகிராம்) நிறுத்துவது பொதுவான வரம்பு. எடை 50 கிலோவுக்குக் கீழே இருந்தாலோ கல்லீரல் கெட்டிருந்தாலோ இன்னும் குறைப்பார்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. 650 மில்லிகிராம் மாத்திரை நான்கு வேளை என்றால் 2,600. அதோடு யாரோ ஒரு டாக்டர் அசிக்ளோஃபினாக், பாராசிட்டமால் இரண்டும் கலந்த மாத்திரையை இரண்டு வேளை எழுதியிருப்பார். அதில் 325 வீதம் 650 சேர்ந்து மொத்தம் 3,250 ஆகிவிடும். சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் இருக்கலாம். அட்டையின் பின்பக்கத்தைப் படித்துக் கூட்டிப் பாருங்கள்.

டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்றவைதான் மெடிக்கல் ஷாப்பில் கேட்டவுடன் கிடைப்பவை. முதியவர்களுக்கு நான் மிகவும் பயப்படுவதும் இவற்றுக்குத்தான். வயிற்றில் ரத்தக்கசிவு, பிபி ஏற்றம், கால் வீக்கம், சிறுநீரகப் பாதிப்பு எல்லாம் வரும். பிபிக்கு டெல்மிசார்ட்டன் அல்லது ராமிப்ரில், கூடவே நீர் பிரிவதற்கான மாத்திரை, அதன் மேல் இந்த வலி மாத்திரை என்று மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று பழுதாகலாம். வாந்தியோ பேதியோ வந்து உடம்பில் நீர் குறைந்த நாளில் ஆபத்து இரட்டிப்பு. முழங்கால், கைமூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக் ஜெல் தடவினால் உடம்புக்குள் மிகக் குறைவாகவே போகும், அதை டாக்டரிடம் கேளுங்கள். மலம் கறுத்துத் தார் மாதிரி போனால் உடனே தெரிவியுங்கள். என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத பொடியையும் உருண்டையையும் உறவினர்கள் அன்போடு கொண்டுவந்தாலும் வாங்கி வைக்காதீர்கள்.

எரிச்சல் வலிக்குக் காபாபென்டின், பிரீகாபலின் எழுதுவார்கள். முதல் வாரம் தூக்கமும் தலைச்சுற்றலும் இருக்கும். விழுந்துவிடாமல் இரவில் பாத்ரூமுக்குக் கூடவே போங்கள். சிறுநீரகம் பலவீனமானால் அளவைக் குறைக்க வேண்டும். அமிட்ரிப்டிலின் வாயை உலர்த்தும், சிறுநீரை அடைக்கும், குழப்பம் தரும். வயதானவர்களுக்குத் தவிர்க்கச் சொல்லும் பட்டியல்களில் அது இருக்கிறது.

டிரமடால் வலிப்பைத் தூண்டலாம், சிலவகை மன அழுத்த மாத்திரைகளோடு மோதும். ஏற்கெனவே என்னென்ன மாத்திரை போகிறது என்ற முழுப் பட்டியலை டாக்டர் முன் வையுங்கள்.

பிறகு மார்ஃபின், அபினிலிருந்து எடுக்கும் வலி மருந்து. அந்தப் பெயரைக் கேட்டதும் குடும்பம் நடுங்கிவிடும். அடிமையாகிவிடுவார், சீக்கிரம் போய்விடுவார் என்ற பயம். கடுமையான வலிக்கு, குறைந்த அளவில் ஆரம்பித்து, மெதுவாகக் கூட்டி, கவனித்துக் கொடுத்தால் அது நல்ல மருந்து. இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தால் பல ஆண்டுகள் இது நோயாளிகளுக்குக் கிடைப்பதே அரிதாக இருந்தது. 2014-இல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனங்கள் வாங்கி வைக்க வழி செய்தார்கள். இல்லத்தில் இந்த மருந்து இருந்தால் பூட்டிய அலமாரியில், எண்ணி எழுதிய கணக்கோடு, அந்த நபரின் பெயரில் மட்டுமே இருக்க வேண்டும்.

மார்ஃபின் ஆரம்பிக்கும் அன்றே மலச்சிக்கலுக்கும் மருந்து ஆரம்பிக்க வேண்டும். குமட்டலும் தூக்கமும் சில நாளில் குறையும், மலச்சிக்கல் தானாகக் குறையாது. தண்ணீர் சரியாகக் குடிக்காதவருக்கு இசப்கோல் (நார்ச்சத்து உமி) கொடுத்தால் அடைப்பு கூடும். குடலை இயக்கும் மருந்தைக் கேளுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மார்ஃபின் உடம்பில் தேங்கும். தட்டி எழுப்பியும் விழிக்கவில்லை, மூச்சு மிக மெதுவாகிறது, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கிறது என்றால் அடுத்த வேளையை நிறுத்தி உடனே டாக்டரை அழையுங்கள்.

தோலில் ஒட்டும் வலி மருந்துப் பேட்ச் போட்டிருந்தால் அதன் மேல் ஒத்தடமோ சுடுநீர்ப் பையோ கூடவே கூடாது. சூட்டில் மருந்து வேகமாக உள்ளே போய்விடும். காய்ச்சல் வந்தாலும் இதே ஆபத்துதான். புதியதை ஒட்டும் முன் பழையதை எடுத்தோமா என்று முதுகைத் தேடிப் பாருங்கள்.

படி 7: திரும்பிப் போய்ப் பார்த்து எழுதுங்கள்

பெரும்பாலான இல்லங்கள் தவறவிடுவது இதைத்தான். மாத்திரை கொடுத்தோம் என்று டிக் அடிக்கிறோம். ஒரு மணி நேரம் கழித்து யாரும் போய்ப் பார்ப்பதில்லை. நோட்டில் ஐந்து கட்டம் போதும்: நேரம், எங்கே வலி, எத்தனை அணா அல்லது பெய்னாட் மதிப்பெண், என்ன செய்தோம், ஒரு மணி நேரம் கழித்து எப்படி. ஷிஃப்ட் மாறும்போது வாய்மொழியாக மூன்று பேரைப் பற்றியாவது சொல்லிவிட்டுப் போங்கள். எழுதத் தயங்கும் ஆயாவிடம் குறி போடச் சொல்லுங்கள், நர்ஸ் எழுதிக்கொள்ளட்டும்.

ஒரு வாரப் பக்கங்களை டாக்டரிடம் காட்டினால் பேச்சே மாறிவிடும். "வலின்னு சொல்றாங்க டாக்டர்" என்பதற்கும், "ஏழு நாளில் ஆறு நாள் குளிக்கும்போது 6, மாத்திரைக்குப் பிறகு 3" என்பதற்கும் எவ்வளவு தூரம்!

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

நெஞ்சு வலி, அல்லது வலியே இல்லாமல் திடீர் வியர்வையும் மூச்சுத் திணறலும் (சுகர்காரர்களுக்கு மாரடைப்பு இப்படியும் வரும்), விழுந்த பிறகு கால் ஊன்ற முடியாமை, பலகை போல் இறுகிய வயிறு, ஒரு கால் மட்டும் சில்லிட்டு நிறம் மாறுவது, முதுகு வலியோடு கால்கள் திடீரென்று பலமிழப்பது. இவற்றுக்கு நோட்டும் அளவுகோலும் வேண்டாம், 108-ஐ அழையுங்கள்.

குடும்பத்தினருக்கு

பார்க்கப் போகும்போது "சாப்பிட்டீங்களா?" என்பதோடு நிறுத்தாதீர்கள். கையைப் பிடித்து, காலை நீவிப் பாருங்கள், எங்கே முகம் சுளிக்கிறது என்று தெரியும். இல்லத்தில் மூன்று கேள்வி கேளுங்கள்: வலியை எப்படி அளக்கிறீர்கள்? கடைசியாக எப்போது எழுதினீர்கள்? இரவில் வலி கூடினால் எந்த டாக்டரை அழைப்பீர்கள்? மூன்றாவதற்குப் பதில் இல்லாவிட்டால், நீங்களே முன்கூட்டி ஒரு டாக்டரைப் பேசி வையுங்கள்.

உதவி எங்கே கிடைக்கும்

தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரண ஆதரவு சிகிச்சையும் பிசியோதெரபியும் இருப்பிடத்துக்கே வருகின்றன. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். சென்னை கிண்டியில் 2024-இல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண இயக்கம், தன்னார்வலர்களும் நர்ஸ்களும் சேர்ந்து வீடு வீடாகப் போகும் முறையாக வளர்ந்து, 2008-இல் மாநில அரசின் கொள்கையாகவே ஆனது. முதியோருக்கான தேசிய உதவி எண் 14567.

கடைசி நாட்களில்

விழுங்க முடியாமல் போகும் நாள் வரும். அன்று "வாய்வழியாப் போகலை" என்று வலி மருந்து சத்தமில்லாமல் நின்றுவிடுகிறது. வலி நிற்பதில்லை. அந்த நாள் வருவதற்கு முன்பே டாக்டரிடம் மாற்று வழி கேட்டு எழுதி வாங்குங்கள். தோலுக்கு அடியில் போடும் ஊசி, பேட்ச், ஆசனவாயில் வைக்கும் மருந்து என்று வழிகள் இருக்கின்றன. அளவுகளையும் இரவு அழைக்க வேண்டிய எண்ணையும் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். ஈரத் துணியால் உதட்டை நனையுங்கள், மெதுவாகத் திருப்புங்கள், திருப்பும் முன் அப்போதும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். பெய்னாட் அப்போதும் போடுங்கள்.